முள் இல்லாத மீன்

ஆரோக்கியம்மாள் என்று கேட்டால் பூந்தமல்லியில் பாதிப் பேருக்குத் தெரியாது. சீனா ஆயா என்று கேட்டால் ஜட்கா வண்டிக்காரன் மறுபேச்சில்லாமல் அவள் வாசலில் கொண்டுபோய் இறக்கிவிடுவான். ஆனால் சீனாவுக்குப் போன கதையைச் சொல்லச் சொல்லி அவளைக் கேட்கும் முன் கொஞ்சம் யோசிக்கவேண்டும். ஆரம்பித்தால் அடுப்பில் வைத்த சோறு குழைந்து கஞ்சியாகி அடிப்பிடிக்கும்வரை விடமாட்டாள். அவள் சொன்னதில் பாதியை ஊர் நம்பவுமில்லை. வாத்தே இல்லாத வாத்துக்கறி தின்றேன் என்றால் யார்தான் நம்புவார்கள்? நம்பாதவர்களை அவள் ஒரே வார்த்தையில் தீர்த்துவிடுவாள். "கெணத்துத் தவள!"

ஜார்ஜ் மன்னருக்கு வெள்ளிவிழா என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்களே, அந்த வருஷம். ஆரோக்கியம்மாள் அப்போது கீழ்ப்பாக்கத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரை பங்களாவில் குழந்தை பார்க்கும் ஆயாவாக இருந்தாள். அதே பங்களாவில் அவள் புருஷன் அந்தோணி சமையல்காரனாக இருந்து, குசினியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவன். அவன் போனபின் அவளுக்கென்று இருந்தது ஒரே மகள், சூசையம்மாள். அவளைச் செம்பரம்பாக்கம் ஏரிக்கரைச் செங்கல் சூளையில் வேலை பார்த்த சவரிமுத்துவுக்குக் கட்டிக்கொடுத்திருந்தாள். சவரிமுத்து நல்ல பிள்ளை. ஒரே குறை, அவன் முகம். கல்யாண வீட்டுக்கு வந்தாலும் எழவு வீட்டுக்கு வந்தவன் மாதிரியே இருப்பான்.

சூசையம்மாளுக்கு முதல் குழந்தை வயிற்றிலேயே செத்துப் பிறந்தது. இரண்டாவது ஒரு பொழுது இருந்து, ஞானஸ்நானம் கொடுக்கச் சாமியாரைக் கூட்டிவருவதற்குள் போய்விட்டது. மூன்றாவது வயிற்றில் இருந்தபோதுதான் துரைசானி அந்தக் குண்டைத் தூக்கிப் போட்டாள். துரைசானியின் தங்கை சீனாவில் ஷாங்காய்ப் பட்டணத்தில் இருக்கிறாளாம். குழந்தையோடு போய்க் கொஞ்ச காலம் இருந்துவிட்டுக் கிறிஸ்மஸுக்குத் திரும்புகிறார்களாம். ஆயா இல்லாமல் குழந்தை ஒரு வாய் சாப்பிடாது. வரமாட்டேன் என்றால் வருகிற ஆயாவைப் பார்த்துக்கொள்வோம் என்று துரைசானி சிரித்துக்கொண்டே சொன்னாள். வெள்ளைக்காரர்கள் சிரித்துக்கொண்டே சொன்னால் அது முடிவான பேச்சு என்பது ஆயாக்களுக்குத் தெரியும்.

கப்பலேறும் முன் ஆரோக்கியம்மாள் பூந்தமல்லிக் கோயிலில் மாதா சுரூபத்துக்கு முன் முழந்தாளிட்டு ஒரு நேர்ச்சை செய்துகொண்டாள். பிள்ளை உயிரோடு பிறந்து நிலைக்கும்வரை கவுச்சி தொடமாட்டேன். கறி, மீன், கருவாடு, முட்டை எதுவும் கிடையாது. அதோடு நிறுத்தியிருக்கலாம். அழுகை வேகத்தில், "கையால மட்டுமில்ல தாயே, மனசாலயும் தொடமாட்டேன்" என்று ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லிவிட்டாள். நேர்ந்துகொள்கிறவர்கள் அளவாக நேர்ந்துகொள்ளவேண்டும். கையைக் கட்டிப்போடலாம், மனசை எந்தக் கயிற்றால் கட்டுவது?

மகளிடமும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டாள்.

"கடுதாசி கிடுதாசின்னு ஒண்ணும் போடாத. எனுக்குப் படிக்கத் தெரியாது. தொரசானி படிச்சு சொல்லணும். அவுங்க வூட்ல குந்திகினு அழக்கூட எனுக்கு எடம் கெடையாது" என்றாள். "கப்பல் வர்ற அன்னிக்கு மாப்ளைய ஹார்பருக்கு அனுப்பு. நல்ல சேதின்னா ஏரி மீனு கொழம்பு வச்சுக் குடுத்து அனுப்பு. நான் தொறந்து பாத்துக்கிறேன். இல்லாங்காட்டி..."

"இல்லாங்காட்டி இன்னா அனுப்பட்டும்?" என்று சூசையம்மாள் கேட்டாள்.

"ரசம் போதும். யாரும் வாயத் தொறக்க வாணாம்."

இப்படியாக, நாக்கையும் மனசையும் மாதாவிடம் அடகு வைத்துவிட்டு ஆரோக்கியம்மாள் கப்பலேறினாள். வழியெல்லாம் சோறும் ஊறுகாயுந்தான். கப்பலே மீன் வறுவல் மணத்தில் மிதந்தபோதும் மூக்கைப் பொத்திக்கொண்டாள். சிங்கப்பூரும் ஹாங்காங்கும் கடந்து, கடல் நீலம் போய் மஞ்சளாகி, மஞ்சள் போய்ச் சேறாகி, கப்பல் ஓர் ஆற்றுக்குள் திரும்பியது. நிறத்தில் அது நம்ம கூவந்தான். ஆனால் எதிர்க்கரைக்குப் பார்வை எட்டிச் சேரவே நேரமாகிற கூவம்! அதன்மேல் போர்க்கப்பலும், புகைக்கப்பலும், கீற்றுத் தட்டியை நிமிர்த்தி வைத்ததுபோல் பழுப்புப் பாய் விரித்த படகுகளும், தேரடியில் சனம் நெருக்குவதுபோல் நெருக்கிக்கொண்டு கிடந்தன. படகுகளிலேயே குடித்தனம். படகிலேயே அடுப்பு, படகிலேயே கோழி, படகிலேயே குழந்தையின் இடுப்பில் கயிறு கட்டி விட்டிருந்தார்கள். கரையில் கட்டடங்கள். மதராஸில் ஹைகோர்ட்டைவிட உயரமாக மனிதன் எதையும் கட்டமுடியாது என்று அதுநாள்வரை நம்பியிருந்தவள் அண்ணாந்து பார்த்ததில் முக்காடு நழுவித் தோளில் விழுந்தது. அதை எடுத்துப் போட்டுக்கொள்ளவும் தோன்றாமல் நின்றாள்.

"தாயே! இத்தக் கட்டுனவன் எறங்கி வந்தானா, மேலயே கீறானா?" என்று வாய்விட்டுக் கேட்டாள். கேட்டதற்குப் பதில் சொல்ல அந்தத் துறைமுகத்தில் தமிழ் தெரிந்த ஒரு காக்கைகூட இல்லை.

துரைசானியின் தங்கை வீட்டில் லின் என்றொருத்தி இருந்தாள். அந்த ஊரில் ஆயாவை அமா என்பார்கள். லின் அந்த வீட்டு அமா. வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சராய், எண்ணெய் தடவி இழுத்துக் கட்டிய கொண்டை, சிரித்தால் ஒரு தங்கப்பல். இவளுக்குச் சீன பாஷை தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் வெள்ளைக்காரக் குழந்தைகளைத் தூங்கவைத்துத் தூங்கவைத்து இரண்டு பேரும் கற்றுக்கொண்ட இங்கிலீஷ் ஒன்று இருந்தது. அதில் வார்த்தை கொஞ்சம், கை ஜாடை அதிகம். துரைமார் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள். இவர்களுக்கு அதுவே தாராளமாகப் போதுமாக இருந்தது.

வேலைக்காரர்கள் சாப்பாட்டில் எதிலும் பன்றிக்கறி கிடக்கும். கீரையில்கூடக் கிடக்கும். ஆரோக்கியம்மாள் வெறும் சோற்றில் உப்பைப் போட்டுப் பிசைந்து சாப்பிடுவதை லின் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தாள். சில நாட்களில் லின்னும் கறியைத் தொடாததை இவளும் பார்த்தாள். விசாரித்ததில், லின் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கறி சாப்பிடுவதில்லை என்று தெரிந்தது. யாருக்காக என்று கேட்டாள். லின் தன் தலைமயிரைத் தொட்டு வெள்ளை என்று காட்டி, மேலே வானத்தைக் காட்டினாள். செத்துப்போன அம்மாவுக்காக. பதிலுக்கு ஆரோக்கியம்மாள் தன் வயிற்றுக்கு முன்னால் கையால் ஒரு மேடு வரைந்து, தூரத்தைக் காட்டி, "மை டாட்டர்" என்றாள். பிறகு விரலை மடக்கி முதல் குழந்தை, இரண்டாவது குழந்தை என்று காட்டி, இரண்டையும் மண்ணுக்குள் காட்டினாள். அன்றிலிருந்து அடுப்பில் ஒரு சின்னச் சட்டி தனியாக ஏறியது. அதில் கறி வாடையே கிடையாது.

ஒரு பௌர்ணமியன்று துரைமார் எல்லோரும் குழந்தைகளோடு படகில் உல்லாசமாகக் கிளம்பிப் போனார்கள். ஆயாவுக்கும் அமாவுக்கும் ஒரே நாளில் விடுப்பு. பழம் நழுவிப் பாலில் விழுந்தது. ஊர் சுற்றிக் காட்டுகிறேன் வா என்று லின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

டிராமில் ஏறினார்கள், இறங்கினார்கள். நாற்சந்தியில் சிவப்புத் தலைப்பாகையும் தாடியுமாக ஒரு பஞ்சாபி போலீஸ்காரர் நின்று, கையைத் தூக்கிச் சீனா ஜனத்தையே நிறுத்திவைத்திருந்தார். ஆரோக்கியம்மாளுக்கு அவரைப் பார்த்ததும் சொந்த அண்ணனைப் பார்த்ததுபோல் ஆகிவிட்டது. நடுரோட்டில் நின்று சலாம் வைத்தாள். அவர் புடவையைப் பார்த்துவிட்டு, "மதராஸி?" என்று மீசைக்குள் சிரித்தார். அவருக்கும் இவளுக்கும் ஒரு வார்த்தை பொது இல்லை. இருந்தும் கண் கலங்கிவிட்டது. ஊருக்குள் இருந்தவரை பஞ்சாபுக்காரன் யாரோ, நாம் யாரோ.

அப்புறம் பழைய ஊருக்குள் நுழைந்தார்கள். சந்து என்றால் அதுதான் சந்து. இரண்டு பக்கமும் கடை, தலைக்குமேல் துணிப் பதாகை, காலுக்கடியில் ஈரக்கல். ஒருத்தன் பெரிய இரும்புச் சட்டியில் கறுப்பு மணலைக் கொட்டி, அதில் ஏதோ கொட்டைகளைப் போட்டுக் கரண்டியால் புரட்டிக்கொண்டிருந்தான். பூந்தமல்லிச் சந்தையில் வேர்க்கடலை வறுக்கிற அதே மணல், அதே சத்தம். லின் வாங்கிக் கொடுத்தாள். தோலை உரித்து வாயில் போட்டால் உள்ளே சர்க்கரைவள்ளிக் கிழங்கு. கொட்டைக்குள் கிழங்கு வைத்த ஆண்டவரை நினைத்து ஆரோக்கியம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. தாமரைத் தண்டின் ஓட்டைகளில் அரிசியை அடைத்து வேகவைத்து, வெல்லப்பாகு ஊற்றி, வட்டம் வட்டமாக அரிந்து விற்றார்கள். அதையும் தின்றாள். நம் குளத்தில் இத்தனை தாமரை பூக்கிறதே, அதன் தண்டுக்குள் ஒரு பொங்கல் இருக்கிறது என்று யாருக்காவது தெரிந்ததா!

ஒரு குளத்தின் நடுவில் மரத்தாலான டீக்கடை. அதற்குப் போகிற பாலம் நேராகப் போகாமல் இப்படி வளைந்து, அப்படி வளைந்து, போனவர்களையே திரும்பத் திரும்பப் பார்க்கவைத்தது. ஏன் இந்தக் கோணல் என்று கேட்டதற்கு, லின் பேய்போல் முகத்தை வைத்துக்கொண்டு நேராக நடந்து காட்டி, கைப்பிடியில் முட்டிக்கொண்டு விழுவதாக நடித்தாள். பேய்க்கு நேராகத்தான் நடக்கத் தெரியுமாம், திரும்பத் தெரியாதாம்.

"உங்க ஊரு பேய்ங்க ரொம்ப சாது. எங்க ஊருப் பேய்ங்க பனமரத்துல ஏறிக் குந்திகினு பேரச் சொல்லிக் கூப்டும்" என்று ஆரோக்கியம்மாள் சுத்தத் தமிழிலேயே சொன்னாள். லின் புரிந்ததுபோலத் தலையாட்டினாள்.

பாலத்து முனையில் ஒரே கூட்டம். மூங்கில் தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஆள் உயரத்துக்கு அடுக்கி ஆவியில் எதையோ வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். இட்லிதான் என்று ஆரோக்கியம்மாள் எட்டிப் பார்த்தாள். இட்லி இல்லை, சின்னச் சின்னக் கொழுக்கட்டை. ஒரு கிழவர் அதை எடுத்து, ஓரத்தில் ஒரு கடி கடித்து, உள்ளே இருந்து சுடச்சுடச் சாற்றை உறிஞ்சினார். கொழுக்கட்டைக்குள் குழம்பு! மாவை மூடினபிறகு எந்த வழியாக ஊற்றினார்கள்? ஒரு தையல் பிரியவில்லை, ஒரு சொட்டு கசியவில்லை. கறிச்சாறு என்பதால் இவளும் தொடவில்லை, பௌர்ணமி என்பதால் லின்னும் தொடவில்லை. இரண்டு பேரும் நின்று, மற்றவர்கள் தின்பதைப் பார்த்துப் பார்த்தே வயிறு நிறைந்தார்கள்.

அடுத்து லின் அவளை ஒரு கோயிலுக்குக் கூட்டிப்போனாள். மஞ்சள் சுவர், ஊதுவத்திப் புகை. ஆரோக்கியம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அந்நிய தேவர்களின் வாசற்படி மிதிக்கக்கூடாது என்று சின்ன வயசில் ஞானோபதேச வகுப்பில் கேட்டது காலைக் கட்டியது. ஆனால் உள்ளே, வெள்ளைப் பீங்கானில், தலையில் முக்காடு போட்டு, மடியில் ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஆரோக்கியம்மாளுக்கு உடம்பு புல்லரித்தது.

"மாதாவே, நீ எப்ப இங்க வந்த?" என்றாள் முணுமுணுப்பாக.

பிள்ளை வேண்டுகிற பெண்கள் இவளிடந்தான் வருவார்கள் என்று லின் ஜாடையில் சொல்லி, ஆரோக்கியம்மாளின் மகளுக்காக ஓர் ஊதுவத்தியும் ஏற்றிவைத்தாள். ஆரோக்கியம்மாள் முழந்தாளிடவில்லை. கும்பிடவுமில்லை. முக்காட்டை இழுத்துச் சரியாகப் போட்டுக்கொண்டாள், அவ்வளவுதான். சொந்தக்காரி ஜாடையில் யாரையாவது வெளியூரில் பார்த்தால் ஒரு நிமிஷம் நின்று பார்ப்போமே, அப்படி நின்றாள்.

கோயிலுக்குப் பக்கத்திலேயே சாப்பாட்டுக் கூடம். மொட்டைத் தலைச் சாமியார்கள் நடத்துவது. "நோ மீட். ஆல் நோ மீட்" என்று லின் பெருமையோடு சொல்லி உட்காரவைத்தாள். கடல் தாண்டி வந்ததிலிருந்து லின்னின் சின்னச் சட்டிக்கு வெளியே பயமில்லாமல் சாப்பிட உட்கார்ந்தது அன்றைக்குத்தான். முதலில் ஒரு தட்டில் சிவப்பாய் மினுமினுத்த வில்லைகள் வந்தன. மேலே மொறுமொறு, உள்ளே மெத்து. ஏதோ காளான் என்று நினைத்து ஒன்றை எடுத்தாள். ருசி அபாரம். இன்னொன்று எடுத்தாள். பல்லில் நாராகப் பிரிந்தது. அப்போதுதான் நாக்கு எங்கேயோ கேட்ட குரலைக் கேட்டதுபோல் நிமிர்ந்தது. புருஷன் அந்தோணி பங்களா குசினியில் கிறிஸ்மஸுக்கு வறுத்த வாத்து! அந்த மணம், அந்தத் தோல், அந்த நார். அங்கேயே கையை எடுத்திருக்கவேண்டும். லின்தான் இல்லை என்றாளே என்று மனசு ஒரு சமாதானம் சொன்னது. மாதக்கணக்கில் கவுச்சி காணாத நாக்கு, இன்னும் ஒன்று என்றது. கை இன்னும் ஒன்றை எடுத்தது. சந்தேகத்தோடு எடுத்தது, ஆசையோடு தின்றது.

அதை விழுங்கும்போது அடுத்த தட்டு வந்து முன்னால் உட்கார்ந்தது. முழு மீன். தலை, வால், செதில், வெறித்த கண்.

ஆரோக்கியம்மாள் எழுந்த வேகத்தில் முக்காலி கவிழ்ந்தது. முந்தானையை வாயில் அடைத்து, நாக்கைத் துடைத்துத் துடைத்துத் துப்பினாள்.

"என் பொண்ணு! ஐயோ, என் பொண்ணு!" என்று வாயிலேயே அடித்துக்கொண்டாள். கூடமே திரும்பிப் பார்த்தது. "அடிப்பாவி, உன்ன நம்பித்தானே வந்தேன்! நோ மீட்டு நோ மீட்டுன்னு சொல்லியே ஊட்டிட்டியே! வவுத்துல கீறது போயிட்டா உங்கம்மாவா வந்து குடுப்பா?"

லின்னுக்கு வார்த்தை புரியவில்லை. ஆனால் திட்டு எந்தப் பாஷையிலும் திட்டுதான். அவள் முகம் வெளுத்தது. மீனை இரண்டாகப் பிளந்து காட்டினாள். ஆரோக்கியம்மாள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். லின் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்த ஒல்லிக் கையில் அத்தனை பலம் எங்கிருந்து வந்ததோ, தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்க் குசினிக்குள் நிறுத்தினாள்.

ஆவிக்கு நடுவே ஒரு தடித்த சாமியார் தொட்டித் தண்ணீரில் மாவைக் கசக்கிக்கொண்டிருந்தார். கசக்கக் கசக்கத் தண்ணீர் பாலாக ஓடியது. கையில் மிஞ்சியது ரப்பர் மாதிரி ஒரு சக்கை. ஆரோக்கியம்மாள் அழுகையை நிறுத்தினாள். அது அவளுக்குத் தெரிந்த வேலை. கிறிஸ்மஸுக்கு அந்தோணி கோதுமை அல்வா கிண்டும்போது, கோதுமையை ஊறவைத்து ஆட்டிப் பால் பிழிந்து கொடுப்பது அவள்தான். பாலை வைத்துக்கொண்டு சக்கையைக் கோழிக்கு எறிந்துவிடுவாள். இந்த மனுஷர் பாலைச் சாக்கடையில் விட்டுவிட்டுச் சக்கையை வைத்துக்கொண்டார்! அதை இழுத்து, முறுக்கி, சுருட்டி வேகவைத்தார். வெந்ததைப் பிய்த்தார். கோழிக்கறியின் நார் நாராக வந்தது. இன்னொரு அடுப்பில் ஏதோ பயற்றை அரைத்த பால் கொதித்தது. அதன்மேல் படிந்த ஆடையைக் குச்சியால் தூக்கி, மடித்து, மடித்து, இனிப்பும் உப்புமாகச் சாறு தடவிப் பொரித்தார்கள். அதுதான் அந்த மினுமினுத்த வாத்துத் தோல். மீன் என்பது மசித்த கிழங்கு. ஆடையில் பொதிந்து, கரண்டி முனையால் அழுத்தி அழுத்திச் செதில் பதித்தார்கள்.

சாமியார் அவள் கன்னத்தில் ஓடிய கண்ணீரைப் பார்த்தார். லின் சொன்னதைக் கேட்டார். வயிறு குலுங்கச் சிரித்தார். கையில் ஒரு கறுப்புப் பயற்றைக் கொடுத்து, செய்துகொண்டிருந்த மீனை அவள் பக்கம் தள்ளினார். ஆரோக்கியம்மாள் விரலால் அந்தப் பயற்றை மீனின் தலையில் பதித்தாள். மீன் அவளைப் பார்த்தது.

அப்படியே மலைத்துப்போய் நின்றாள். ஆற்றங்கரைக் கட்டடத்தைப் பார்த்தபோதுகூட இவ்வளவு மலைக்கவில்லை. கல்லை அடுக்கினால் உயரும், அதில் என்ன அதிசயம்? கோழிக்கு எறிகிற சக்கைக்குள் ஒரு கோழியே இருந்ததை இத்தனை காலம் பார்க்காமல் பிழிந்து போட்டிருக்கிறாளே!

"கறி வாணாம்னு வுட்டவங்க எதுக்கு இம்மாம் பாடுபட்டுக் கறி பண்றீங்க?" என்று கையை விரித்துக் கேட்டாள்.

லின் தன் நாக்கை நீட்டித் தொட்டுக் காட்டினாள். குழந்தை வீரிடுவதுபோல் அழுதாள். பிறகு கைகளைத் தொட்டிலாக்கி ஆட்டி, உதட்டில் விரல் வைத்தாள். நாக்கு ஒரு குழந்தை, அழுதால் ஏமாற்றித்தான் தூங்கவைக்கவேண்டும். இரண்டு பேருமே காலமெல்லாம் அந்தத் தொழில்தானே பார்த்தார்கள். ஆரோக்கியம்மாள் லின்னின் இரண்டு கைகளையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். திரும்பிப் போய் இரண்டு பேரும் அந்த மீனைத் தலையோடு தின்று முடித்தார்கள். ஒரு முள் இல்லை.

தின்றதென்னவோ கிழங்குதான். ஆனால் அந்தக் கடைசி வில்லை மட்டும் ஆரோக்கியம்மாளின் தொண்டையிலிருந்து இறங்கவேயில்லை. கிழங்கோ சக்கையோ, வாத்தென்று சந்தேகப்பட்டுத்தானே எடுத்தாள்? ஆசைப்பட்டுத்தானே தின்றாள்? கையால் தொடவில்லை, சரி. மனசால் தொட்டாயிற்றே! ஞாயிற்றுக்கிழமை அந்த ஊர் மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போனாள். சீன முகங்களுக்கு நடுவே பூந்தமல்லியில் கேட்கிற அதே லத்தீன், ஒரு சொல் பிசகாமல். அந்த அதிசயத்தில் கொஞ்சம் ஆறுதல். ஆனால் செய்த பாவத்தைச் சாமியார் காதில் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் எப்படிச் செய்வது? அங்கிருந்த சாமியாருக்குப் பிரெஞ்சும் சீனமும் தெரியும். வாத்தில்லாத வாத்தைத் தின்ற பாவத்தைத் தமிழிலேயே விளக்குவது கஷ்டம். வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டாள்.

புறப்படும் நாள் வந்தது. லின் கப்பலடிவரை வந்து, வறுத்த கொட்டைகளை ஒரு பை நிறையக் கையில் திணித்தாள். இனி இந்த ஜன்மத்தில் பார்க்கப்போவதில்லை என்று இருவருக்கும் தெரியும். லின் கையைத் தொட்டிலாக்கி ஒரு தரம் ஆட்டிக் காட்டினாள். அதற்குமேல் அவர்களுடைய இங்கிலீஷில் வார்த்தை இல்லை.

மார்கழி தொடக்கத்தில், பெய்து ஓய்ந்த மழையில் மதராஸ் துறைமுகம் சொதசொதவென்று கிடந்தது. குழந்தையைத் துரைசானியிடம் கொடுத்துவிட்டு ஆரோக்கியம்மாள் கொட்டகைப் பக்கம் வந்தாள். தூணோரம் சவரிமுத்து நின்றிருந்தான். தனியாக. கையில் தூக்குச் சட்டி. முகத்தைப் பார்த்தாள். அவன் முகத்தில் என்றைக்கு என்ன தெரிந்தது, இன்றைக்குத் தெரிய? எப்போதும்போல் எழவு முகம். சொல்லியிருந்தபடி அவனும் வாயைத் திறக்கவில்லை. தூக்குச் சட்டியை நீட்டினான்.

வாங்கிக்கொண்டாள். ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தாள். மேல் தட்டைத் திறந்தாள். சோறு. இரண்டாவது தட்டின் மூடியில் கையை வைத்தாள். திறக்க வரவில்லை. ரசம் என்றால் புளி வாசனை அடிக்கும். மீன் குழம்பு என்றாலும் புளி வாசனைதான் முந்திக்கொண்டு வரும். மாதாவே, அந்த ஒரு வில்லை. அந்த ஒரு வில்லையை மட்டும் கணக்கில் வைக்காதே தாயே.

திறந்தாள்.

மீன். குழம்புக்கு மேலே, கண்ணும் வாலும் செதிலெடுத்த முதுகுமாக, ஏரிக் கெண்டை.

அழுகை வரவேண்டிய இடத்தில் அவளுக்குப் பயம் வந்தது. வாலும் முதுகும் கண்ணும் இருந்தால் மீன் ஆகிவிடுமா? அவள் தன் கையாலேயே ஒரு மீனுக்குக் கண் பதித்தவள் அல்லவா? கண்ணால் காண்பதும் பொய் என்று இவளுக்குத் தெரிந்த அளவு யாருக்குத் தெரியும்? விரலைக் குழம்புக்குள் விட்டாள். மீனைப் பிட்டாள். உள்ளே துழாவினாள்.

"இன்னாத்தே, மீன்ல இன்னா தேடற?" சவரிமுத்து வாயைத் திறந்தேவிட்டான்.

"முள்ளு."

"கெண்ட மீன்ல முள்ளு இல்லாம இருக்குமா?"

"நீங்க சீனாவுக்குப் போனதில்ல மாப்ளே" என்றாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே நடுவிரலில் சுருக்கென்று குத்தியது. எடுத்துப் பார்த்தாள். மெல்லிசாக, வெள்ளையாக, கவட்டையாக ஒரு முள். விரல் நுனியில் ஒரு பொட்டு ரத்தம்.

அவ்வளவுதான். அந்தக் கொட்டகையில் கூலியாட்கள், கப்பல்காரர்கள், துரைமார் எல்லோரும் திரும்பிப் பார்க்க, ஆரோக்கியம்மாள் முள்ளைக் கையில் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே சோற்றைப் பிசைந்தாள். அழுதுகொண்டே மீனைப் பிட்டு வாயில் வைத்தாள். ஒவ்வொரு முள்ளாக நாக்கால் தேடி எடுத்து மூடியின் ஓரத்தில் வரிசையாக வைத்தாள். அத்தனையும் வேண்டியிருந்தது அவளுக்கு.

"பொண்ணு அத்தே" என்றான் சவரிமுத்து. "நல்லா கீது. பால் குடிக்குது. ராவெல்லாம் கத்துது, ஒருத்தரயும் தூங்க வுடல."

"கத்தட்டும்" என்றாள் ஆரோக்கியம்மாள் வாய் நிறையச் சோற்றோடு. "வுடுங்க, நல்லா கத்தட்டும்."